வீடுகளுக்கு நடுவே ஒரு பந்தாட்டக் களம்

இங்கிலாந்துக்குச் செல்லும் மாணவர்கள் அங்கே காண வேண்டியவை எவை என்பதைக் கூறும் நூல்கள் பல உண்டு. அரண்மனைகள், பழைய தேவாலயங்கள், பல்கலைக்கழகங்கள், பொருட்காட்சிச் சாலைகள் என்று அந்த வரிசை நீளும். அவை யாவும் காணத்தக்கவையே. ஆனால், அந்நாட்டு மக்கள் வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் ஒன்றுகூடி, உள்ளத்தில் உள்ளதை ஒளிக்காமல் இருக்கும் நிலையில் அவர்களைக் காண வேண்டுமானால், அதற்கு ஏற்ற இடம் கால்பந்தாட்டக் களம்தான். அதிலும் சிறிய ஊரின் சிறிய களமே சிறந்தது என்பது என் கருத்து. வெம்பிளி போன்ற பெருங்களங்களைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது லூட்டன் என்னும் ஊரில் உள்ள கெனில்வொர்த் ரோடு ஆட்டக்களம். அங்கே சுமார் 12,000 பேர்தாம் அமர முடியும். லூட்டன் டவுன் கழகத்தார் 1905-ஆம் ஆண்டு முதல் அங்கே ஆடி வருகின்றனர். ஆனால், புதிய களம் ஒன்றுக்கு அவர்கள் குடிபோக ஏற்பாடுகள் நடந்து வருகின்றன. ஆகவே, காண விரும்புவோர் காலம் தாழ்த்தாமல் காண வேண்டிய இடம் அது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். லண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் லூட்டன் இருக்கிறது. செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் விரைவு ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். லூட்டன் என்ற பெயரைத் தாங்கிய நிலையங்கள் இரண்டு உண்டு. விமான நிலையத்தை ஒட்டிய ஒன்றில் இறங்காமல், ஊர் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து இருபது நிமிடம் நடந்தால் பெரி பார்க் என்னும் பகுதி வரும். பாகிஸ்தானிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. துணிக்கடைகளும் மளிகைக் கடைகளும் உணவு விடுதிகளும் பள்ளிவாசல்களும் சூழ்ந்த அந்தக் கடைத்தெருவின் பக்கத்துத் தெருக்களிலேதான் நாம் தேடிவந்த களம் மறைந்திருக்கிறது.

'மறைந்திருக்கிறது' என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. ஆட்டக்களம் என்றால் தொலைவிலிருந்தே கோபுரம்போலத் தெரியும் என்று எண்ணி வருபவர் இங்கே திகைத்துப் போவார். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் செங்கல்லால் கட்டிய வரிசை வீடுகளே. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். அந்த வரிசையில் ஓக் ரோடு என்ற தெருவுக்குச் சென்று பாருங்கள். வீடுகளுக்கு நடுவே, கீழ்த்தளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாயில் திறந்திருக்கும். அதற்கு மேலே மாடியறையின் சன்னல்கள் வழக்கம்போல் இருக்கும். அந்த வாயில்தான் ஓக் ரோடு முனைக்குச் செல்லும் நுழைவாயில். வெளியூர்க் கழகத்தின் ஆதரவாளர்கள் இவ்வழியாகவே உள்ளே செல்வார்கள். சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே சென்று, இரும்புப் படிக்கட்டில் ஏறும்போது, இருபுறமும் வீடுகளின் கொல்லைப்புறங்கள் கீழே தெரியும். கொடியில் உலரும் துணிகளையும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களையும் பார்த்துக்கொண்டே பந்தாட்டம் பார்க்கப் போகிறோம். இத்தகைய நுழைவாயில் அந்நாட்டிலேயே மிக அரிது.

இக்களம் ஏன் இப்படி நெருக்கப்பட்டுக் கிடக்கிறது? ஒரு புறம் லூட்டனையும் டன்ஸ்டபிளையும் இணைத்த பழைய ரயில் பாதை. இப்போது அத்தடத்தில் பேருந்துகள் ஓடுகின்றன. மற்றப் புறங்களில் வீடுகள். களம் எந்தத் திசையிலும் விரிய வழியில்லை. வந்து சேர்ந்த காலத்தில் இது குறையாகத் தோன்றியிராது. 1885-இல் தோன்றிய கழகம், வேறு இரண்டு இடங்களில் ஆடிய பின்பு 1905-இல் இங்கே வந்தது. மோட்டார் வண்டிகள் செய்யும் வாக்சால் தொழிற்சாலை லூட்டனுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு முன்பு அவ்வூருக்குச் சோறு போட்டது தொப்பித் தொழில். வைக்கோலைப் பின்னித் தொப்பி செய்வதில் பெயர்பெற்ற ஊர் ஆகையால், இக்கழகத்தாருக்குத் 'தொப்பிக்காரர்கள்' என்ற பட்டப்பெயர் இன்றும் வழங்குகிறது. தொழிற்சாலையில் நண்பகல் வரை வேலை செய்துவிட்டு, நடந்தே வந்து, ஆட்டம் பார்த்து, நடந்தே வீடு திரும்பும் மக்களுக்காக அமைந்தது இக்களம். நடந்து வருகிறவர்களுக்கு, வீடுகளுக்கு நடுவே இருப்பதைவிட நல்ல இடம் ஏது?

உள்ளே சென்றதும் நான்கு புறமும் ஒருமுறை பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டிய பெருங்களங்களில் நான்கு புறமும் ஒன்றுபோல் இருக்கும். இங்கே ஒவ்வொரு புறமும் ஒவ்வொரு காலத்தைச் சொல்லும். தலைமை மேடை 1921-இல் தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டே அதன் இடத்தில் வேறு மேடை எழுந்தது. கூரையைத் தாங்கும் தூண்கள் சில இருக்கைகளிலிருந்து பார்ப்போரின் பார்வையை மறைக்கும். ஆகையால் சீட்டு வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு எதிர்ப்புறத்துக்குப் 'பாபர்ஸ்' மேடை என்று பெயர். ஷில்லிங் நாணயத்தை ஆங்கிலேயர் பேச்சு வழக்கில் 'பாப்' என்பார்கள். ஒரு பாப் கொடுத்து உள்ளே வந்தவர்களின் இடம் என்பதால் அப்பெயர் வந்ததென்பர். ஏழைகளின் நாணயத்தின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தில் 1986-ஆம் ஆண்டில் செல்வர்களுக்கான தனி அறைகள் வரிசையாகக் கட்டப்பட்டன என்பது காலத்தின் விளையாட்டு. இலக்குகளுக்குப் பின்னால் உள்ள இரு முனைகளுக்கும் கெனில்வொர்த், ஓக் என்னும் தெருக்களின் பெயர்களே வழங்குகின்றன.

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பார்கள். 1936 ஏப்ரல் 13-ஆம் நாள் இங்கே பிரிஸ்டல் ரோவர்ஸ் கழகத்தோடு நடந்த ஆட்டத்தில், ஜோ பெயின் என்ற இளைஞர் ஒருவரே 10 கோல்கள் போட்டார். அவர் வழக்கமாக முன்னணியில் ஆடுபவர் அல்லர். அன்று முன்னணிக்கு ஆள் இல்லாததால் நிறுத்தப்பட்டவர். லூட்டன் 12-0 என்று வென்றது. லீக் ஆட்டம் ஒன்றில் ஒருவரே 10 கோல்கள் போட்ட அச்சாதனையை அந்நாட்டு லீக்கில் இதுவரை எவரும் முறியடிக்கவில்லை. 1959 மார்ச் 4-ஆம் நாள் பிளாக்பூல் கழகத்தோடு நடந்த கோப்பை ஆட்டத்தைக் காண 30,069 பேர் இக்களத்தில் திரண்டனர். இன்று 12,000 பேர் அமரும் இடத்தில் அன்று அத்தனை பேர் எப்படி அடங்கினர்? பெரும்பாலோர் நின்றுகொண்டே பார்த்தனர் என்பதுதான் விடை. நிற்கும் படிகளை நீக்கி எல்லோருக்கும் இருக்கை அமைத்தபோது, பாதுகாப்பு வளர்ந்தது, கூட்டம் சுருங்கியது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கூட்டம் சுருங்கினால் வருமானமும் சுருங்கும். வருமானம் சுருங்கிய கழகம் பெரிய கழகங்களோடு எவ்வாறு போட்டியிடும்? இக்கேள்விக்குக் கழகத்தார் பல விடைகளைத் தேடினர். 1985-இல் புல்தரையை எடுத்துவிட்டுச் செயற்கைத் தரையை விரித்தனர். பந்து அதன்மேல் தாறுமாறாக எழும்புகிறது என்று பிறர் குறை கூறினர். 1991-இல் மீண்டும் புல் வந்தது. 1985 மார்ச்சில் மில்வால் கழகத்தோடு நடந்த ஆட்டத்தின்போது பெருங் கலகம் மூண்டது. இருக்கைகள் பிடுங்கி எறியப்பட்டன, காவலர்கள் காயமுற்றனர். அதன் பின்பு, 1986 முதல் 1990 வரை, வெளியூர் ஆதரவாளர்கள் எவரும் வரலாகாது என்று கழகம் கதவை அடைத்தது. பக்கத்து வீட்டார் நிம்மதியாக உறங்கினர். ஆயினும் விருந்தினரை மறுத்ததற்காக லீக் கோப்பைப் போட்டியிலிருந்தே கழகம் ஓர் ஆண்டு விலக்கப்பட்டது. அடுத்து ஆடிய 1988-இல், ஆர்சனல் கழகத்தை 3-2 என்று வென்று அதே கோப்பையை லூட்டன் கைப்பற்றியது!

எல்லாவற்றையும்விடப் பெரிய யோசனை ஒன்றும் அக்காலத்தில் எழுந்தது. ஊரைவிட்டே புறப்பட்டு, மில்டன் கீன்ஸ் என்னும் புதிய நகருக்குப் போய்விடலாம் என்பது அது. இடம் தாராளம், வசதிகள் ஏராளம். ஆனால், ஆதரவாளர்கள் அதை எதிர்த்தனர். லூட்டனில் இல்லாத லூட்டன் கழகம் எதற்கு என்று அவர்கள் கேட்டனர். யோசனை கைவிடப்பட்டது. பின்னாளில், 2003-இல், விம்பிள்டன் கழகம் அதே நகருக்குக் குடிபெயர்ந்தது. அதன் பழைய ஆதரவாளர்களோ அதற்கு முந்திய ஆண்டிலேயே தங்களுக்கென வேறு கழகம் ஒன்றைத் தொடங்கிவிட்டனர். பெரிதாவதற்காக ஊரைவிட்டுப் போவதா, ஊரோடு இருப்பதற்காகச் சிறிதாகவே இருந்துவிடுவதா? இக்களத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

சிறிதாக இருப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் லூட்டன் கொடுத்தது. பண நெருக்கடியும் நிர்வாகக் குற்றங்களும் சேர்ந்து, 2008-09 பருவத்தில் கழகத்துக்கு 30 புள்ளிகள் குறைக்கப்பட்டன. ஓர் ஆட்டமும் ஆடுமுன்பே 30 புள்ளிகள் கடன்! தேசிய லீக்கின் நான்கு பிரிவுகளுக்கும் வெளியே தள்ளப்பட்ட கழகம் ஐந்து ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. அக்காலத்தில் அதைத் தாங்கியவர்கள் ஊரார்தாம். கழகத்தை ஏற்று நடத்த முன்வந்ததும் அதன் ஆதரவாளர்கள் அடங்கிய ஒரு குழுவே. கழகத்தின் பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றை ஆதரவாளர் சங்கத்தின் இசைவின்றி மாற்றலாகாது என்ற உரிமையையும் 2014-இல் அச்சங்கம் பெற்றது. அதே ஆண்டில் கழகம் மீண்டும் லீக்கில் நுழைந்தது. பிறகு படிப்படியாக ஏறி, 2023 மே 27-ஆம் நாள் வெம்பிளியில் கவென்ட்ரி கழகத்தைப் பெனால்டி உதைகளில் வென்று, தலைப்பிரிவான பிரிமியர் லீக்கை எட்டியது. உலகத் தொலைக்காட்சிக் காமிராக்களுக்கு இடம் செய்வதற்காகப் பாபர்ஸ் மேடையை அந்தக் கோடையில் அவசரமாகத் திருத்திக் கட்ட நேர்ந்தது. வேலை முடியாததால், களத்தில் நடக்கவிருந்த முதல் ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் அந்தப் பருவத்தில் இச்சிறு களத்தில் ஆடிச் சென்றனர். கழகம் 2024-இல் ஒரு படியும் 2025-இல் மற்றொரு படியும் இறங்கியது உண்மையே. ஆனாலும், ஏறிய ஏற்றத்தை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

காணப் போகும் மாணவர்களுக்குச் சில குறிப்புகளைச் சொல்லுகிறேன். சீட்டை முன்னதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை ஆட்டம் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும். இரண்டு பாதிகளும் 45 நிமிடங்கள், இடைவேளை 15 நிமிடங்கள். உள்ளூர் ஆதரவாளரிடையே அமர்பவர் எதிர்க்கழகத்தின் நிறத்தை உடுத்தலாகாது. லூட்டனின் நிறம் ஆரஞ்சு. ஆடுதளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்துவதை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, இடைவேளையில் ஒரு கோப்பைத் தேநீரும் சூடான இறைச்சிப் பணியாரமும் போதும். ஆட்டம் தொடங்குமுன் அரை மணி நேரமாவது அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். வீடுகளில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை மட்டும் மறவாதீர்கள். சன்னல்களுக்குள் எட்டிப் பார்ப்பதும் வாசல்களில் குப்பை போடுவதும் விருந்தாளிக்கு அழகல்ல.

லூட்டனில் வாக்சால் தொழிற்சாலை 2025 மார்ச்சில் மூடப்பட்டது. 1905-இல் ஊருக்கு வந்த இரண்டில் ஒன்று போய்விட்டது. மற்றொன்றும் இடம் மாற இருக்கிறது. ஊரின் நடுவில், ரயில் நிலையத்துக்கு அருகில், பவர் கோர்ட் என்னும் இடத்தில் 25,000 பேர் அமரத்தக்க களம் ஒன்றை அமைத்து, அதை 2028-இல் திறப்பது என்பது கழகத்தாரின் திட்டம். இருக்கைகள் பெருகும், தூண்கள் மறைக்கமாட்டா, கொல்லைப்புறத்தின் மேலாக ஏறிப்போகும் இரும்புப் படிக்கட்டும் வேண்டியிராது. இவற்றுள் சிலவற்றை இழப்பது வருத்தம்தான். ஆனால், புதிய களம் வேறு ஊரில் அன்று, லூட்டனிலேயே எழப் போகிறது. பழைய கேள்விக்கு அவ்வூரார் நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து கண்டுபிடித்த விடை இதுதான். ஊரைவிட்டுப் போகாமலே வளர ஒரு வழி கிடைக்கும் வரையில், அவர்கள் நெருக்கத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். கெனில்வொர்த் ரோடு களத்தைக் காணச் செல்லும் மாணவர்கள், ஆட்டத்தில் வென்றவர் யார் என்பதோடு இதையும் அறிந்து வருவார்களானால், அவர்கள் கொடுத்த சீட்டுப் பணம் வீண்போகாது.