பெறாத பிள்ளையும் நம் பிள்ளைதான்

கோயிலில் முழங்கால் போட்டுப் பிள்ளை வரம் கேட்கும் சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர். தத்து எடுக்கலாமா என்று அவர்கள் யோசிக்கும்போது இரண்டு பயம் குறுக்கே வந்து நிற்கிறது. "ஆண்டவர் கொடுக்காததை நாமா எடுத்துக்கிறது விசுவாசக் குறைவு இல்லையா?" என்பது ஒன்று. "கிறிஸ்தவங்களுக்குத் தத்துச் சட்டமே கிடையாதாமே!" என்பது இன்னொன்று. எங்கள் முத்தாண்டிக்குப்பத்தில் இரண்டையும் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முதல் பயத்துக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. ஆற்றில் கிடந்த மோசேயை மகனாக்கிக் கொண்டவள் பார்வோனின் மகள். தாய் தகப்பனை இழந்த எஸ்தரை மகளாக வளர்த்தவர் மொர்தெக்காய். குழந்தை இயேசுவைத் தன் பிள்ளையாக வளர்த்தவர் சூசையப்பர். நம் திருநெல்வேலிச் சீமையிலும் ஓர் உதாரணம் உண்டு. அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேலிடம் 1901-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அடைக்கலம் தேடி வந்தாள். அதன் பிறகு டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் தாயானார். கல்யாணமே செய்துகொள்ளாத அவர், 1951-ல் அங்கேயே காலமானார்.

இரண்டாவது பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய அதே 1956-ல் இந்து தத்துச் சட்டம் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு அதில் இடமில்லை. நமக்கு இருந்தது 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டம் மட்டும். கண்ணும் கருத்துமாய் வளர்த்தாலும் காகிதத்தில் நாம் அம்மா அல்ல, வெறும் காப்பாளர். பிள்ளை மேஜரானதும் அந்தப் பொறுப்பு முடிந்துவிடும். உயில் எழுதாமல் கண்ணை மூடினால் சொத்தில் அதற்குத் தானாக உரிமை வராது. எல்லாருக்கும் பொதுவான மசோதா ஒன்று 1972-ல் பாராளுமன்றத்துக்கு வந்தும் நிறைவேறவில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. 2000-ல் வந்து 2006-ல் திருத்தப்பட்ட சிறார் நீதிச் சட்டம் வழி திறந்தது. எந்த மதத்தாரும் இதன்படி தத்தெடுக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ம் வருஷச் சட்டம். இதன்படி தத்து வந்த பிள்ளை, பெற்ற பிள்ளைக்குச் சமம், சொத்துரிமையும் உண்டு.

எப்படி எடுப்பது என்கிறீர்களா? மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். இருவருக்கும் சம்மதம் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவு போடுவது கலெக்டர், எங்களுக்குக் கடலூர். காத்திருப்பு மட்டும் வருஷக்கணக்கில் ஆகலாம்.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். "தெரிஞ்ச இடத்துல ஒரு குழந்தை இருக்கு, செலவுக்குக் கொடுத்தாப் போதும்" என்று யாராவது வந்தால் காதில் வாங்காதீர்கள். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். நாளைக்கு அந்தக் குழந்தையையே நம் மடியிலிருந்து எடுத்துப் போவார்கள்.

வந்த பிள்ளையிடம் உண்மையை மறைக்க வேண்டாம். விவரம் தெரியத் தொடங்கும் வயதிலேயே, கதை சொல்வதுபோல் நாமே சொல்லிவிடுவது நல்லது. அடுத்த வீட்டுக்காரர் வாயால் தெரிந்தால் பிஞ்சு மனசு உடைந்துபோகும்.

ஜெபம் செய்யுங்கள், பதிவும் செய்யுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.