தொப்பைக்கு ஆபரேஷனா? ஒரு நிமிஷம் பாஸ்!

திருவொற்றியூர் மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கிறீர்கள். ஏற்கெனவே உள்ளே மூணு பேர். நீங்கள் காலை வைத்ததும் வண்டி லேசாகச் சாய்கிறது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, “தம்பி, உனுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கணும் போலகீதே!” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால், ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு செல்போனை எடுத்து, ‘எடை குறைக்கும் ஆபரேஷன் எவ்வளவு செலவு?’ என்று ரகசியமாகத் தேடுகிறீர்கள்.

ஹலோ... இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

‘ஆபரேஷன் பண்ணிக்கோ’ என்றோ, ‘ஐயையோ வேண்டாம்’ என்றோ சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால் ஒரு கணக்கு சொல்கிறோம். ஆபரேஷனுக்கு ஆகும் நேரம் ஒண்ணு, ரெண்டு மணி நேரம்தான். அதுக்கு உடம்பும் மனசும் ரெடியாக சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள். அந்தப் பலனைக் காப்பாற்ற..? ஆயுசு முழுக்க! எல்லோரும் அந்த ரெண்டு மணி நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நாம் அதுக்கு முன்னாடி இருக்கும் நாட்களைப் பற்றிப் பேசுவோமா?

இது தொப்பையை வெட்டுற வேலை இல்லை!

முதல் குழப்பம் இதுதான். கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லைபோசக்‌ஷன் வேறு, இது வேறு. பேரியாட்ரிக் சர்ஜரி என்பது இரைப்பையில் செய்வது. அதிகம் செய்யப்படுவது ரெண்டு வகை. ஒன்று ‘ஸ்லீவ்’. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கிற பகுதியில்தான். அதனால் பசியே குறையும். இன்னொன்று ‘பைபாஸ்’. இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பை செய்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள்.

கவனியுங்க... ஸ்லீவில் வெட்டினது வெட்டினதுதான். ‘பிடிக்கலை, பழையபடி மாத்திக் கொடுங்க’ என்று கேட்க முடியாது.

யாருக்குச் செய்வார்கள்? பி.எம்.ஐ. என்று ஒரு கணக்கு இருக்கிறது. எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஐந்தடி ஏழு அங்குலம் உயரம் உள்ள ஒருவர் சுமார் 101 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. 35. சுமார் 116 கிலோ இருந்தால் 40. மெடிக்ளெய்ம் பாலிசிகளுக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் போட்ட விதியும் இதை ஒட்டித்தான். வயது 18 முடிந்திருக்கணும், டாக்டர் பரிந்துரைக்கணும், பி.எம்.ஐ. 40 இருக்கணும். அல்லது 35-க்கு மேல் இருந்து, இதயநோய், தூக்கத்தில் மூச்சு அடைக்கும் கடுமையான ஸ்லீப் ஏப்னியா, கட்டுக்கு அடங்காத சர்க்கரை என ஏதாவது இருக்கணும். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால், டாக்டர்கள் இதைவிடக் குறைந்த பி.எம்.ஐ.யிலும் ஆபரேஷனைப் பரிசீலிப்பது உண்டு. ஆனால், பாலிசிக்காரர்கள் பணம் தருவார்களா என்பதை முன்னாடியே எழுத்தில் கேட்டு வாங்கிடுங்க.

ஆக, தொப்பை கொஞ்சம் எட்டிப் பார்ப்பவர்களுக்கான சமாச்சாரம் இல்லை இது. உங்களுக்கு வாக்கிங்கும் சாப்பாட்டு மாற்றமும் போதுமா, மருந்து, ஊசி போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் டாக்டர் கத்தியைப் பற்றிப் பேசுவார்.

கிண்டலுக்காகக் கத்தியா?

‘ஏன் இந்த ஆபரேஷன்?’ ஒரு பேப்பரை எடுத்துப் பதில் எழுதுங்க. ‘மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது’, ‘சர்க்கரை கட்டுக்குள்ள வரலை’, ‘முட்டி வலி தாங்கலை’ என்று இருந்தால் ஓகே. ‘அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி ஒல்லியாகணும்’, ‘அவ என்னை ரிஜெக்ட் பண்ணிட்டா’, ‘காலேஜ்ல குண்டுன்னு கூப்பிடறாங்க’ என்று மட்டும் இருந்தால்... பேப்பரை மடித்து வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நாள் யோசியுங்க. கிண்டல் பண்ணுகிறவன் வாய்க்கு, உங்க வயித்துல ஏன் தையல் போடணும்?

அப்புறம், நீங்கள் ஒண்ணும் தனி ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 40 சதவிகிதம் பேரும், ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். அந்த ஷேர் ஆட்டோவில் சிரித்தவர்களிலும் ஒருத்தர், ரெண்டு பேர் இந்தக் கணக்கில் இருந்திருப்பார்கள்!

அரசியல் புள்ளிகளில் நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜேட்லி 2014-லும் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ரெண்டு பேருக்குமே சர்க்கரை இருந்தது. அழகுக்காகச் செய்த ஆபரேஷன் இல்லை அது.

இதையும் சொல்லியாகணும். 2024 ஏப்ரலில், எடை குறைப்பு ஆபரேஷனுக்காக சென்னை வந்த 26 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆபரேஷனுக்காக அவர் சேர்ந்திருந்த தனியார் மருத்துவமனையின் அனுமதி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அனுபவமுள்ள மையங்களில் உயிராபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். ஆனால் அந்த ஒருவரும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளை. ‘எங்கே கம்மி ரேட்?’ என்று தேடும் முன், ‘எங்கே ஐ.சி.யூ. இருக்கு, எங்கே 24 மணி நேரமும் டாக்டர் இருக்கார்?’ என்று தேடுங்க.

உடம்பே ரெடியா?

ராயபுரம், காசிமேடு பக்கம் இருந்தால் முதல் அட்ரஸைத் தேடி அலைய வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு பார்த்துக்கொண்டு, ‘எனக்கு ஆபரேஷன் தேவையா, எங்கே செய்யலாம்?’ என்று அங்கேயே கேட்டு ஆரம்பிக்கலாம்.

டெஸ்ட் லிஸ்ட் கொஞ்சம் பெரிசு. ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி. கல்லீரல், கிட்னி டெஸ்ட். பித்தப்பைக் கல், கல்லீரல் கொழுப்பு பார்க்க ஸ்கேன். இரைப்பைக்குள் புண் இருக்கா என்று பார்க்க எண்டோஸ்கோபி. இ.சி.ஜி., எக்கோ. குறட்டை ஜாஸ்தி என்றால் தூக்கப் பரிசோதனை. எல்லோருக்கும் எல்லாமும் தேவைப்படாது. டாக்டர் சொல்வதை மட்டும் ‘இது எதுக்கு’ன்னு ஸ்கிப் பண்ணாதீங்க.

அடுத்து, ஆபரேஷனுக்கு முன்பு ரெண்டு வாரம் போல ஒரு ஸ்பெஷல் டயட் தருவார்கள். மாவுச்சத்து கம்மி, புரோட்டீன் அதிகம். ‘எப்படியும் வெட்டப் போறாங்க, அதுக்குள்ள எதுக்கு டயட்?’ என்று கேட்கத் தோணும். காரணம் சிம்பிள். இரைப்பைக்கு மேலே கல்லீரல் மூடிக்கொண்டு இருக்கிறது. பருமனானவர்களுக்கு அது கொழுப்பு ஏறிப் பெருத்திருக்கும். டயட்டில் அது சுருங்கினால்தான், சின்னத் துளை வழியே கருவியை விட்டு அதைத் தூக்கிப் பிடித்து இரைப்பையைத் தொட முடியும். அதனால், ‘கடைசியா ஒரு தடவை’ என்று முந்தின வாரம் பிரியாணி பார்ட்டி வைக்கிற நண்பன், உண்மையில் நண்பனே இல்லை!

சிகரெட்..? குறைந்தது ஆறு வாரம் முன்னாடி நிறுத்தியாகணும். புகை, தையல் போட்ட இடம் ஆறுவதைக் கெடுக்கும், நுரையீரலில் சளி கட்ட வைக்கும். நம்ம ஏரியா நுரையீரலுக்கு ஏற்கெனவே ஓவர்டைம் வேலை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தபோது தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினவர்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. இழுப்பு, ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிடுங்க. மூன்று பந்து இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வார்கள். அது விளையாட்டுச் சாமான் இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் நிமோனியா வராமல் தடுக்கிற வாத்தியார்.

நடையும் இப்பவே ஆரம்பிங்க. ஆபரேஷன் முடிந்து அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்லுவாங்க. காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி. இன்றைக்கே பழக்கம் இருந்தால் அன்றைக்கு எளிது. தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் 1949-ல் நடந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்துக்காரர்களுக்குப் பக்கம்தான். பத்து நிமிஷத்தில் ஆரம்பித்தாலும் போதும்.

ஹார்பர், மணலி, எண்ணூர் என்று ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவரா? உங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா ஹோம்வொர்க். ராத்திரி ரெண்டு மணிக்குப் பரோட்டா, காலையில் தூக்கம், மதியம் ஒரே மூச்சில் சாப்பாடு என்கிற வாழ்க்கை ஆபரேஷனுக்குப் பிறகு நடக்காது. இப்பவே டப்பா கட்டிக்கொண்டு போய்ப் பழகுங்க. லீவு எத்தனை வாரம், எப்போது பாரம் தூக்கலாம் என்பதையும் முன்னாடியே பேசிடுங்க.

மனசே... மனசே...

இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். யோசித்துப் பாருங்க... அரியர் விழுந்தால் பஜ்ஜி. மேட்ச் ஜெயித்தால் பிரியாணி. பர்த்டே என்றால் பீச் லைனில் அத்தோ. போர் அடித்தால் சிப்ஸ். உங்க சோகத்துக்கும் சந்தோஷத்துக்கும் சாப்பாடுதான் ஃப்ரெண்ட். ஆபரேஷன் அன்றைக்கு அந்த ஃப்ரெண்டை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ஆனால் சோகம் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்!

அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னாடி மனநல நிபுணரைப் பார்க்கச் சொல்கிறார்கள். ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கோபப்படாதீங்க. துக்கம் வந்தால் சாப்பிடுகிற பழக்கம் இருக்கா, ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு அழுகிறீர்களா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் கேன்சல் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மறைத்தால்தான் ஆபத்து. சாப்பாடு போன இடத்தைச் சிலருக்குக் குடி பிடித்துக்கொள்கிறது. பைபாஸ் ஆனவர்களுக்கு போதை சீக்கிரம் ஏறும். சிலருக்கு மனச்சோர்வு ஆழமாகிறது. அப்படி இருட்டு கட்டினால் 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்பவே ஒரு சின்னப் பயிற்சி. பசி இல்லாதபோது கை தட்டுக்குப் போனால், ‘இப்போ எனக்கு என்ன ஆச்சு?’ என்று ஒரு வரி நோட்டில் எழுதுங்க. ஒரு மாதம் கழித்துப் படித்தால் உங்க பசியின் உண்மைப் பெயர் தெரிந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து என்ன நடக்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. முதலில் தண்ணி மாதிரி ஆகாரம், பிறகு கூழ், அப்புறம் குழைய வெந்தது. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஒண்ணரை, ரெண்டு மாதம் ஆகும். மூணாவது மாதத்துக்கு மேல் முடி கொட்டலாம், பெரும்பாலும் திரும்ப வளரும். தோல் தொளதொளவென்று தொங்கலாம். கண்ணாடி முன்னால் நின்றால் இன்னும் ‘அந்த குண்டுப் பையன்’தான் தெரிவான். கண்ணாடியைவிட மனசு லேட்டாகத்தான் இளைக்கும். கல்யாணமான பெண்களாக இருந்தால் ஒரு வருஷம், ஒண்ணரை வருஷத்துக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப் போடச் சொல்லுவார்கள்.

அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

ரகசியமாகச் செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீங்க. வீட்டில் சமைக்கிறவர்தான் உங்க பாதி டாக்டர். “ரெண்டே ரெண்டு இட்லி சாப்ட்டு எந்திரிக்கிறியே கண்ணு...” என்று அம்மா அழுவார். அவருக்கு அன்பு என்றாலே இன்னொரு கரண்டி சோறு. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்க. நீங்கள் சொன்னால் நம்பாததை, டாக்டர் சொன்னால் நம்புவார்.

ஒரு நல்ல செய்தியும் அம்மாவுக்கு உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன் வேண்டும். காசிமேட்டு மீன் இருக்க கவலை ஏன்? எண்ணெயில் பொரிக்காத சங்கரா, மத்தி, நெத்திலி எல்லாம் மெனுவுக்கு வரும். சைவமா? பருப்பு, தயிர், பனீர். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். சத்து மாத்திரை ஆயுசு முழுக்க. இதுக்கு ‘எனக்கு இப்போ நல்லாயிருக்கே’ என்கிற சாக்கு செல்லாது.

டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க 6 கேள்விகள்

1. எனக்கு ஆபரேஷன்தான் ஒரே வழியா? வேறு என்ன இருக்கு?
2. ஸ்லீவா, பைபாஸா? எனக்கு ஏன் அது?
3. இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
4. கசிவோ ரத்தக் கசிவோ வந்தால் ராத்திரி மூணு மணிக்கு யாரைக் கூப்பிடணும்? ஐ.சி.யூ. இங்கேயே இருக்கா?
5. டெஸ்ட், மாத்திரை, செக்கப் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
6. டயட்டீஷியனும் மனநல ஆலோசகரும் உங்க டீமில் இருக்காங்களா?

நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லாத டாக்டரிடம் உங்க வயிற்றைக் கொடுக்காதீங்க. ‘இந்த வாரமே பண்ணிடலாம், ஆஃபர் இருக்கு’ என்றால்... ஜூட்!

மறுபடி அந்த ஷேர் ஆட்டோவுக்கு வருவோம். ஒருவேளை நீங்கள் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். செய்யாமலே நடந்து, சாப்பாட்டை மாற்றி, மருந்து எடுத்து இளைக்கலாம். எதுவானாலும், அந்த டிரைவர் அண்ணன் சிரித்தார் என்பதற்காக அல்ல, உங்க பேப்பரில் நீங்கள் எழுதிய காரணத்துக்காக அது நடக்கட்டும். நாளைக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கிடுங்க பாஸ். மிச்சத் தூரம் நடந்துகொண்டே யோசிக்கலாம்!