கறுப்பைக் காட்ட முடியாத கருவி

புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைத் திரையில் உண்டாக்க முடியாது. அதனால் இயன்றது ஒளியைக் கூட்டுவது மட்டுமே; ஏற்கெனவே திரைமீது விழுந்துகொண்டிருக்கும் அறை வெளிச்சத்தைக் குறைக்கும் ஆற்றல் அதற்கு இல்லாததால், விளக்கு எரியும் வகுப்பறையில் பார்வையாளர் கறுப்பு என்று காண்பது, கருவி ஒளி வீசாமல் விட்டுவைத்த இடத்தில் தெரியும் திரையின் சாம்பல் நிறமே ஆகும். படம் மங்கலாக இருக்கிறது, எழுத்து தெளிவில்லை, மேற்புறம் அகன்று கோணலாகத் தெரிகிறது என்று பள்ளிகளிலும் கருத்தரங்குகளிலும் எழும் முறையீடுகள் பலவற்றுக்கு வேர் கருவிக்குள் இல்லை. கருவியை வைத்த இடத்திலும் அறையின் ஒளியிலும்தான் இருக்கிறது. மெனுவில் உள்ள திருத்த வசதிகள் இக்குறைகளை மறைக்குமே தவிர நீக்குவதில்லை. மறைக்கும் ஒவ்வொரு முறையும் படத்தின் நுணுக்கத்திலோ ஒளியிலோ ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளவும் செய்கின்றன.

இது ஏன் என்பது கருவியின் உட்புறத்தைப் பார்த்தால் விளங்கும். இன்று வகுப்பறைகளில் உள்ள புரொஜெக்டர்கள் பெரும்பாலும் இரு வகைகளுள் ஒன்றில் அடங்கும். திரவப் படிகப் பலகங்கள் மூன்றைக் கொண்ட எல்சிடி வகையில், விளக்கின் வெள்ளொளி, ஒரு நிறத்தை மட்டும் எதிரொளித்து மற்றவற்றை ஊடுருவ விடும் பூச்சுள்ள கண்ணாடிகளால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிறமும், மூலைவிட்டம் ஓர் அங்குலத்தைக்கூட எட்டாத தனித்தனிப் பலகத்தின் வழியே செல்லும்போது, அப்பலகத்தின் படப்புள்ளிகள், அதாவது படத்தை ஆக்கும் மிகச் சிறிய கட்டங்கள், வாய்க்கால் மதகைப்போல வேண்டிய அளவுக்கு ஒளியை விட்டு மீதியைத் தடுக்கின்றன. பின்னர் மூன்று நிறங்களும் கனசதுரப் பட்டகம் ஒன்றில் மீண்டும் கூடி லென்ஸ் வழியே வெளியேறுகின்றன. மதகு எவ்வளவு இறுக மூடினாலும் சிறிது ஒளி கசியும் என்பதால், படமே இல்லாத நேரத்திலும் இருட்டறைத் திரையில் ஒரு மெல்லிய சாம்பல் செவ்வகம் தெரிவதைக் காணலாம்.

டிஎல்பி எனப்படும் இரண்டாம் வகையில் ஒளி எதன் ஊடாகவும் செல்வதில்லை. சில்லு ஒன்றின்மேல் அமைந்த நுண்ணிய கண்ணாடிகளில் பட்டுத் திரும்புகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய இந்தச் சில்லு, 1996-இல் புரொஜெக்டர்களில் விற்பனைக்கு வந்தது. திரைப்படக் காட்சியில் அது விளைவித்த மாற்றத்துக்காக 2015-இல் அவருக்கு ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. 1024 × 768 படப்புள்ளிகள் கொண்ட ஒரு சில்லில் 7,86,432 அலுமினியக் கண்ணாடிகள் இருக்கும். ஒவ்வொன்றின் அகலமும் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்கும் குறைவு. இவை ஏறத்தாழ 12 பாகை ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்குச் செல்லும், மறுபக்கம் சாய்ந்தால் உள்ளிருக்கும் ஒளி உறிஞ்சியில் விழுந்து மறையும். இடைப்பட்ட நிலை கிடையாது. அப்படியானால் சாம்பல் நிறம் எப்படிக் கிடைக்கிறது என்றால், கண்ணாடி நொடிக்குப் பல்லாயிரம் முறை புரள, 'திறந்த' நேரத்துக்கும் 'மூடிய' நேரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கண் சராசரியாக்கிக்கொள்கிறது. விலை குறைந்த டிஎல்பி கருவிகளில் சில்லு ஒன்றே இருப்பதால் நிறங்களும் ஒரே நேரத்தில் வருவதில்லை. சுழலும் நிறச் சக்கரம் ஒன்று சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை அடுத்தடுத்து அனுப்புகிறது. கண்ணை விரைவாகத் திருப்பும்போது சிலருக்கு வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் கீற்று தெரிவது இதனால்தான். அது கருவியின் பழுதன்று.

ஒரு புரொஜெக்டர் வெளியிடும் மொத்த ஒளி லூமென் என்னும் அலகாலும், ஒரு பரப்பின்மீது விழும் ஒளிச்செறிவு லக்ஸ் என்னும் அலகாலும் அளக்கப்படுகின்றன. லூமெனைப் படத்தின் பரப்பால், சதுர மீட்டரில், வகுத்தால் லக்ஸ் கிடைக்கும். 3,000 லூமென் கருவி ஒன்று 2 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் உள்ள படத்தை வீழ்த்தினால், 2.5 சதுர மீட்டர் பரப்பில் 1,200 லக்ஸ் விழும். குழல்விளக்குகளால் திரைமீது ஏற்கெனவே 300 லக்ஸ் இருப்பதாகக் கொண்டால், படத்தின் வெள்ளைப் பகுதியில் 1,500 லக்ஸும் கறுப்புப் பகுதியில் 300 லக்ஸும் நிற்கும். இரண்டுக்கும் உள்ள விகிதம் வெறும் ஐந்து. பெட்டியின்மேல் 10,000:1 என்றும் 15,000:1 என்றும் அச்சிடப்படும் மாறுபாட்டு விகிதம் இருட்டறையில் அளந்தது. வகுப்பறையில் அதற்குப் பொருளில்லை. பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று அதே படத்தை 3 மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினால் பரப்பு ஏறத்தாழ 5.6 சதுர மீட்டராகி, கருவியின் ஒளி சுமார் 530 லக்ஸாக இறங்கி, அந்த விகிதம் மூன்றுக்கும் கீழே போய்விடும். மாறாக, திரையை ஒட்டிய குழல்விளக்குகளை மட்டும் அணைத்து, திரைமீது விழும் அறை வெளிச்சத்தை 30 லக்ஸாகக் குறைக்க முடிந்தால், 2 மீட்டர் படத்தில் அவ்விகிதம் நாற்பதைத் தாண்டும். ஒரு சுவிட்சைத் தட்டிப் பெறும் இந்த ஆதாயத்தை எல்லா விளக்குகளையும் எரியவிட்டபடியே பெற வேண்டுமானால் 30,000 லூமென் கருவி, அதாவது பெரிய திரையரங்குகளுக்குரிய கருவி, தேவைப்படும். ஆகவே, புதிதாகக் கட்டும் வகுப்பறையில் திரைப்பக்கத்து விளக்குகளுக்குத் தனிச் சுவிட்ச் வைப்பது, கூடுதல் லூமெனுக்குப் பணம் கொடுப்பதைவிட அறிவுடைய செலவு. லூமென் அளவுக்கும் ஒரு முறை உண்டு: திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து சராசரி காண வேண்டும். எந்த முறையில் அளந்தது என்று சொல்லாமல் பெரிய எண்ணை மட்டும் போடும் மலிவுக் கருவிகளை ஐயத்தோடே நோக்க வேண்டும்.

அடுத்தது இடம். லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்துப் பெறும் எண் வீச்சு விகிதம் எனப்படுகிறது. அது ஒவ்வொரு கருவியின் கையேட்டிலும் இருக்கும். அவ்விகிதம் 1.5 முதல் 1.8 வரை என்றிருந்தால், 2 மீட்டர் அகலப் படத்துக்குக் கருவியைத் திரையிலிருந்து 3 மீட்டருக்கும் 3.6 மீட்டருக்கும் இடையில் வைக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஜூம் வளையத்தைத் திருப்பிப் படத்தைத் திரைக்குப் பொருத்திக்கொள்ளலாம், அதற்கு வெளியே போனால் எந்தப் பொத்தானும் உதவாது. விகிதம் 0.4-க்கும் குறைவான கருவிகள் சுவரை ஒட்டியே நின்று படம் வீழ்த்துவதால், ஆசிரியரின் நிழல் திரையில் விழாது, ஒளி அவர் கண்ணையும் கூசச் செய்யாது. ஆனால் சுவரிலோ தொங்கும் திரையிலோ உள்ள சிறு நெளிவையும் அவை பெரிதாக்கிக் காட்டும்.

மேசைமீது வைக்கும் கருவியின் முன்காலை உயர்த்திப் படத்தை மேலே தூக்குவது எங்கும் காணப்படும் வழக்கம். அப்படிச் சாய்க்கும்போது, ஒளிக்கற்றை திரையின் அடிப்பகுதியைவிட மேற்பகுதியை அடையக் கூடுதல் தொலைவு செல்வதால், மேலே அகன்றும் கீழே குறுகியும் படம் சரிவகமாகிறது. இதைச் சீராக்கும் 'கீஸ்டோன்' பொத்தான், ஒளிக்கற்றையின் பாதையை மாற்றுவதில்லை. பலகத்தில் உருவாகும் படத்தையே எதிர்த்திசையில் சரிவகமாகச் சுருக்குகிறது. விளைவு, ஓரத்துப் படப்புள்ளிகள் வேலையற்றுப் போகின்றன, சுருங்கிய வரிகளில் மெல்லிய கோடுகள் உடைந்து தெரிகின்றன, வேலையற்ற பகுதியின் கசிவொளி படத்தைச் சுற்றிச் சாம்பல் சட்டமாகத் தங்குகிறது. அதைவிட முதன்மையான ஒன்று, மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் லென்ஸிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருப்பதால் இரண்டையும் ஒருசேரக் கூர்மையாக்க முடியாமற்போவது. கீஸ்டோன் இதைத் தொடுவதே இல்லை. பெரும்பாலான மேசைப் புரொஜெக்டர்களில் படத்தின் அடிவிளிம்பு லென்ஸின் மட்டத்தையொட்டி அமையுமாறு ஒளியியல் வடிவமைக்கப்பட்டிருப்பதால், திரையின் அடிவிளிம்பளவுக்கு மேசையை உயர்த்தி, கருவியைத் திரைக்கு நேராகவும் கிடைமட்டமாகவும் வைத்தாலே போதும். கூரையில் தொங்கவிடுவோர் கருவியைத் தலைகீழாக மாட்டி, மெனுவில் 'சீலிங்' நிலையைத் தேர்ந்தெடுப்பதும் இதே காரணத்தால்தான். விலை கூடிய கருவிகளில் லென்ஸையே மேலும் கீழும் நகர்த்தும் வசதி உண்டு. அது படப்புள்ளி எதையும் இழக்காமல் படத்தை இடம்பெயர்க்கும். எப்படியாயினும் வரிசை ஒன்றே: இடம், மட்டம், ஜூம், ஃபோகஸ்; கீஸ்டோன் கடைசியில், அதுவும் வேறு வழி இல்லாதபோது.

கணினியை இணைப்பதில் பழைய சிக்கல்கள் இன்று குறைந்துவிட்டன. விஜிஏ கேபிள் படத்தை மட்டும் கொண்டுவந்தது. எச்டிஎம்ஐ ஒலியையும் சேர்த்தே கொண்டுவருகிறது. எனினும் ஒலி, மண்டபத்தின் ஒலிபெருக்கிக்குச் செல்லாமல் புரொஜெக்டரின் சிறு ஒலிபெருக்கிக்குப் போய்விடுவது இதனால் உண்டாகும் புதுச் சங்கடம். கணினியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை மாற்றினால் தீரும். கேபிளைச் செருகியதும் புரொஜெக்டர் தன் தெளிதிறன், அதாவது தன்னிடம் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கை, பற்றிய சிறு குறிப்பைக் கணினிக்குத் தெரிவிக்கிறது. இந்தப் பரிமாற்றம் தடைபட்டாலோ, மடிக்கணினித் திரையின் அளவையே புரொஜெக்டருக்கும் அனுப்பும் 'நகல்' நிலை தேர்ந்தெடுக்கப்பட்டாலோ, 1920 × 1080 அளவுள்ள படம் 1280 × 800 பலகத்தில் 1280 × 720 ஆகச் சுருக்கப்படும்; மேலும் கீழும் நாற்பது நாற்பது வரிகள் வெறுமையாகும், அட்டவணையின் மெல்லிய கோடுகள் சில மறையும், சிறிய எழுத்துகளின் புள்ளிகளும் சுழிகளும் கலங்கும். புள்ளி ஒன்று மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும் தமிழ் எழுத்துக்கு இது சிறு இழப்பன்று. விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தி 'நீட்டிப்பு' நிலைக்குச் சென்று, புரொஜெக்டருக்கு அதன் இயல்பான தெளிதிறனையே கொடுப்பது சிறந்த வழி. உரையாற்றுபவர் தம் குறிப்புகளை மடிக்கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளவும் அது இடமளிக்கும்.

பழைய வகைக் கருவிகளில் உள்ள பாதரச விளக்கு தனிக் கவனத்துக்குரியது. படிகப் பலகமோ கண்ணாடிச் சில்லோ மிகச் சிறியது என்பதால், அதன்மேல் ஒளியைச் சிந்தாமல் குவிக்க, ஒளி தோன்றும் இடமும் புள்ளியளவாக இருந்தாக வேண்டும். ஆகவே இவ்விளக்கில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், 200 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் ஏறிய பாதரச ஆவியில் மின்வில் எரிகிறது. மின்வெட்டு வந்து மீண்ட உடனே கருவியை இயக்க முயன்றால் விளக்கு பற்றாமல் அடம்பிடிப்பதற்குக் காரணம், சூடான ஆவியின் அந்த அழுத்தத்தை மீறி மின்வில்லைத் தொடங்க இயலாமையே. சில நிமிடங்கள் ஆறவிட வேண்டும். மின்சாரம் போகும்போது விசிறியும் நின்றுவிடுவதால் வெப்பம் உள்ளேயே தேங்கி விளக்கின் ஆயுளைக் குறைக்கிறது. மடிக்கணினிக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்துவிட்டுப் புரொஜெக்டரை நேரடி மின்சாரத்தில் விடுவது, இந்த வகையில், தலைகீழான ஏற்பாடு. மடிக்கணினிக்குச் சொந்த மின்கலம் இருக்கிறது. நீல லேசர் ஒளியை மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சின்மேல் பாய்ச்சி வெள்ளொளி பெறும் புதிய கருவிகளில் பாதரச விளக்கும் இத்தொல்லையும் இல்லை. அவற்றின் ஒளிமூலத்துக்கு 20,000 மணி நேரம்வரை ஆயுள் குறிக்கப்படுகிறது.

வெப்பத்தை வெளியேற்றுவது காற்று என்பதால், காற்று மெலிந்த இடத்தில் கருவி கூடுதலாகச் சூடாகும். கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டரைத் தாண்டினால் மெனுவிலுள்ள 'உயர்மலை' நிலையை இயக்குமாறு கையேடுகள் பலவும் கூறுகின்றன. விசிறியின் வேகத்தைக் கூட்டும் இந்த அமைப்பு சென்னைக்கு வேண்டாதது, 2,200 மீட்டரையும் கடந்த உதகமண்டலத்துக்கு இன்றியமையாதது. சமவெளியின் எதிரி தூசு. காற்று வடிகட்டியில் சுண்ணாம்புத்தூள் அடைத்துக்கொண்டால் கருவி தானே அணைந்துவிடும். வடிகட்டியைக் கழற்றித் தூரிகையாலோ தூசு உறிஞ்சியாலோ துடைப்பது சில நிமிட வேலை. விளக்கு மாற்றும்போது மட்டும் மெனுவில் அதன் மணிக்கணக்கைச் சுழியாக்க மறக்கலாகாது. இல்லையெனில் கருவி புது விளக்கையும் பழையதாகவே கணக்கிட்டு, அதை மாற்றுமாறு தொடர்ந்து எச்சரித்துக்கொண்டிருக்கும்.