கனத்த படம், மெலிந்த சிக்னல்

இன்றைய கைபேசியில் எடுத்த ஒரு சாமைக் கதிரின் படம் 4 மெகாபைட் வரை இருக்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்றால், அது 32 மெகாபிட். நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே வரும் இடத்தில் அந்த ஒரு படம் திறக்கவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். வாங்க வந்தவர் அதற்குள் போய்விடுவார். திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டு மகளிர் சுய உதவிக் குழு ஒன்று சாமை அரிசியையும் தேனையும் இணையத்தில் விற்க நினைத்தால், முதலில் போட வேண்டியது இந்தக் கணக்கைத்தான். டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் ஒரு பகுதி இதைச் சுற்றியதே.

சமவெளி ஊர்களின் வெளிச்சத்திலிருந்து ஒதுங்கிய இடம் என்பதாலும்தான் இதே மலைத்தொடரில், காவலூரில், வைனு பாப்பு வானாய்வகம் அமைந்தது. வானியலுக்கு உதவும் அந்த ஒதுக்கம் கைபேசிக்கு உதவாது. கோபுரத்துக்கும் கைபேசிக்கும் நடுவே மலை நிற்கிறது. சிக்னல் வலுவாக இருக்கும்போது 4ஜி கோபுரம் ஒவ்வொரு அலைத்துண்டிலும் 6 பிட் ஏற்றி அனுப்பும். சிக்னல் தேய்ந்தால், தரவு பிழையில்லாமல் சேர வேண்டுமென்று 2 பிட்டுக்கு இறங்கிவிடும். பிழை திருத்தும் உபரிச் சுமையும் கூடும். திரையில் ‘4ஜி’ என்றே காட்டும், வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். படத்தை மலையிலிருந்து ஏற்றுபவருக்கு இன்னும் சிரமம். கோபுரம் பல பத்து வாட்டில் பேசுகிறது. கைபேசியால் திருப்பிப் பேச முடிவது 0.2 வாட்டில்தான்.

மலையை நகர்த்த முடியாது, படத்தை இளைக்க வைக்கலாம். அதற்கான கணிதத்தைத் தந்தவர்களில் முதன்மையானவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-ல் அவர் வெளியிட்ட கொசைன் உருமாற்ற முறைதான் 1992-ல் வந்த ஜேபெக் படவடிவத் தரநிலையின் உயிர்நாடி. படம் 8-க்கு 8 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் ஒளி ஒருபுறமும், சடசடவென மாறும் நுணுக்கம் மறுபுறமும் தனித்தனி எண்களாகின்றன. நம் கண் அந்த நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நிறத்தில் வரும் சிறு மாற்றத்தையும் ஒளியில் வரும் மாற்றத்தைப் போலப் பிடிப்பதில்லை. ஆகவே அவற்றைத் தோராயமாகச் சேமித்தால் போதும். அகலத்தை 1080 புள்ளிக்குக் குறைத்து, தரத்தை 75 அளவில் வைத்தால், 4 மெகாபைட் படம் பெரும்பாலும் 150 கிலோபைட்டை ஒட்டி வந்துவிடும். அதே மெலிந்த சிக்னலில் ஏறத்தாழ ஒன்றேகால் நொடி. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால் ‘நல்லது’ என்பது கூகுளின் அளவுகோல்.

என்னை மிகவும் வருத்துவது போஸ்டர் பழக்கம். பெயர், விலை, சமைக்கும் முறை எல்லாவற்றையும் வண்ண எழுத்தில் படத்துக்குள் எழுதி, அந்தப் படத்தையே பக்கமாகப் போட்டுவிடுகிறார்கள். யூனிகோடின் UTF-8 வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 300 சொல் எழுதினாலும் 10 கிலோபைட் அளவுதான் வரும். தேடுபொறி புத்தகத்தின் பின்னிணைப்புச் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து வைக்கிறது. படத்துக்குள் அடைபட்ட சொல் அந்த அடைவில் சரியாக ஏறும் என்று நம்ப முடியாது. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் செயலிக்கும் அதே திணறல்தான். எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். ஒருவர் ‘சாமை’ என்று தேடுவார், இன்னொருவர் ‘சாமை அரிசி’ என்பார், வேறொருவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார். இந்த வடிவங்கள் வாக்கியங்களுக்குள் இயல்பாக வரட்டும். ஒரே சொல்லை ஐம்பது முறை திணிப்பது கூகுளின் விதிப்படி குற்றம்.

இரண்டு படங்களில் எது அதிகம் விற்கிறது என்று சோதிப்பதும் நல்ல பழக்கம், பொறுமை இருந்தால். ஒரு படத்தைப் பார்த்த 20 பேரில் 3 பேரும், இன்னொன்றைப் பார்த்த 20 பேரில் 5 பேரும் வாங்கினால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது. அந்த வித்தியாசம் தற்செயலாகவே எளிதில் வரும். சில நூறு பேராவது பார்க்கட்டும்.

மலைக்கே வந்து வாங்க நினைப்பவருக்குக் கதவு எண்ணும் தெருப் பெயரும் போதாது. இந்திய அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்த டிஜிபின், நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடக் குறியீடு தருகிறது. குழுவின் கொட்டகைக்கும் ஒன்று உண்டு. அதைப் பக்கத்தில் போடலாம்.

வெளியிடும் முன் பக்கத்தை ஒரு பழைய கைபேசியில், சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும் இடத்தில் திறந்து பாருங்கள். விலையும் தொடர்பு எண்ணும் படத்துக்கு முன்னால் தெரிய வேண்டும். படம் வராமலே போனாலும் வாங்குபவர் அழைத்துக் கேட்டு ஆர்டர் கொடுத்துவிடலாம்.