‘ஒண்ணு இது, இல்லேன்னா அது!’ – ஒரே மாதிரி வாதங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாதம் பிறந்து 3 நாள் ஆகியும் சம்பளம் வரவில்லை. “ஒண்ணு ஹெச்.ஆர் அனுப்பலை, இல்லேன்னா பேங்க்ல மாட்டியிருக்கு. ஹெச்.ஆர் அனுப்பிட்டாங்க. அப்போ பேங்க்லதான் மாட்டியிருக்கு” என்கிறார் நண்பர். இதே அமைப்பில் உள்ள வாதம் எது?

1. “ஒண்ணு ஹெச்.ஆர் தப்பு, இல்லேன்னா பேங்க் தப்பு. ஹெச்.ஆர் தப்பு பண்ணிட்டாங்க. அப்போ பேங்க் மேல தப்பில்லை.”

2. “சாவி ஒண்ணு பையில இருக்கும், இல்லேன்னா வண்டியில இருக்கும். பையில இல்லை. அப்போ வண்டியிலதான்.”

சம்பளம், பேங்க் என்ற வார்த்தைகளைப் பார்த்ததும் முதலாவதை டிக் அடிக்கத் தோன்றும். சரியான விடை இரண்டாவது. அமெரிக்க சட்டப் படிப்புக்கான எல்சாட் நுழைவுத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வகையே இருக்கிறது.

எப்படிப் பிரிப்பது?

வார்த்தைகளை எடுத்துவிட்டு ‘அ’, ‘ஆ’ என்று போடுங்கள். ‘அ அல்லது ஆ. அ இல்லை. எனவே ஆ.’ நண்பர் சொன்னதும் சாவி கதையும் இதுதான். முதலாவது வேறு: ‘அ அல்லது ஆ. அ உண்டு. எனவே ஆ இல்லை.’ இது செல்லாது. இரண்டு பேருமே தப்பு செய்திருக்கலாமே! ஒன்றை நீக்கினால் மற்றது நிற்கும். ஒன்று உறுதியானால் மட்டும் மற்றது விழுந்துவிடாது.

நாய் சொல்லும் பாடம்

கி.மு. 3-ம் நூற்றாண்டு கிரேக்க தத்துவ அறிஞர் கிறிசிப்பஸ் பெயரில் ஒரு கதை உண்டு. இரையைத் துரத்தும் வேட்டை நாய், மூன்று வழிகள் பிரியும் இடத்துக்கு வருகிறது. இரண்டு வழிகளை மோந்து பார்க்கிறது, வாசனை இல்லை. மூன்றாவதை மோந்துகூட பார்க்காமல் ஓடுகிறது.

நாயின் கணக்கு சரி, வழிகள் மூன்றே என்றால்! நான்காவதாக ஒரு சந்து இருந்தால் இரை போச்சு. நண்பரின் வாதமும் அப்படித்தான். அமைப்பு கச்சிதம். ஆனால், ஹெச்.ஆர் தவறான அக்கவுன்ட் எண்ணுக்கு அனுப்பியிருந்தால்?

மோசடியிலும் இதே ‘அல்லது’

“இன்றே இந்த லிங்க்கில் கேஒய்சி அப்டேட் செய்யுங்கள், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும்” என்று வரும் மோசடி மெசேஜும் இரண்டே வழி காட்டுகிறது. ‘கணக்கு முடங்கக் கூடாது’ என்று நாம் ஒன்றை நீக்கியதும், மிச்சம் இருப்பது லிங்க் மட்டும்தான். ‘வேறு வழியே இல்லையா?’ என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். இருக்கிறது: லிங்க்கைத் தொடாமல், டெபிட் கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியிடமே கேட்கலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால், உடனே 1930-க்கு அழையுங்கள்.