ஏறுவதினும் இறங்குவதே அரிது
மலைப்பாதையிற் சைக்கிள் ஓட்டும் ஒருவரின் அனுபவக் குறிப்புகள்

துவிச்சக்கர வண்டி நம்மவர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பாடசாலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் மக்களைக் கொண்டு செல்லும் வாகனம் நெடுங்காலமாக அதுவே. ஆயினும் குடாநாட்டுத் தெருக்கள் சமதரையானவை. அங்கே மிதிப்பதை நிறுத்தினால் வண்டி சிறிது தூரம் ஓடித் தானே ஓய்ந்துவிடும். மலைநாட்டிலோ, மிதிப்பதை நிறுத்திய பின்னர்தான் வண்டி உண்மையான வேகங்கொள்ளுகின்றது. இவ்வொரு வேற்றுமையை நன்குணர்ந்தவரே மலையிற் சைக்கிள் ஓட்டத் தகுதியுடையவராவர்.

விடுமுறை நாட்களில் மலைப்பாதைகளிற் சைக்கிள் ஓட்டுவதைச் சில ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளேன். பந்தயங்களிற் பங்குபற்றியவனல்லன். எனினும், இதிற் புதிதாக ஈடுபட விரும்பும் இளைஞர் பலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. அவர்கள் கேட்பதெல்லாம் ஏற்றத்தைப் பற்றியே. "அவ்வளவு உயரத்துக்கு எப்படி மிதிப்பது? மூச்சு வாங்காதா?" என்பர். இறக்கத்தைப் பற்றி வினவுவோர் மிகச் சிலரே. ஏற்றத்திற் களைத்தவர் கீழே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். அதனால் எவர்க்கும் தீங்கில்லை. இறக்கத்தில் நேரும் பிழையோ நம்மை மட்டுமன்றி, எதிரே வருபவரையும் தாக்கும்.

இறக்கத்திற் பிறந்த வண்டி

மலைச் சைக்கிள் என இன்று வழங்கும் வண்டியின் வரலாறே இறக்கத்திற்றான் தொடங்குகின்றது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே மரின் என்னும் மாவட்டத்து இளைஞர் சிலர், 1970களில், பருத்த ரயர்களையுடைய பழைய சைக்கிள்களைத் தேடியெடுத்தனர். அவற்றை மலைமேல் ஏற்றிச் சென்று மண்பாதை வழியே கீழே ஓட்டிவந்தனர். 1976ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் அங்கே முதற் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் 1,300 அடி தாழ்ந்து செல்லும் பாதை அது.

அப்பழைய வண்டிகளின் பிறேக், பின்சக்கரத்தின் நடுக்குடத்தினுள்ளே இருந்தது. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் அது பிடிக்கும். ஓரிறக்கம் முடிவதற்குள் குடம் சூடேறி, உள்ளேயிருந்த கிறீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனால் அப்பாதைக்கு 'ரீபாக்', அதாவது 'மீண்டும் அடைத்தல்', என்றே பெயராயிற்று. மறு ஆண்டிலே ஜோ பிறீஸ் என்பவர் இவ்வோட்டத்துக்கென்றே புதிய வண்டியொன்றை அமைத்தார். 1996இல் அற்லாண்டாவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் மலைச் சைக்கிளோட்டம் முதன்முறையாக இடம்பெற்றது.

பெயரிலேயே பிறேக்கின் சூட்டைத் தாங்கிய அந்தப் பாதை நமக்கு ஒரு பாடம் சொல்லுகின்றது. அதனை நம் நாட்டு மலையொன்றிலே பொருத்திப் பார்ப்போம்.

ஹப்புத்தளைப் பாதை

ஊவா மாகாணத்து ஹப்புத்தளை நகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கிருந்து தம்பேதன்னத் தோட்டத்துக்குச் செல்லும் தெருவில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் போனால், தோமஸ் லிப்டன் 1890இல் கட்டுவித்த தேயிலைத் தொழிற்சாலையை அடையலாம். அதற்கும் அப்பால் தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒடுங்கிய பாதை, சுமார் 7 கிலோமீற்றரில், லிப்டன் ஆசனம் எனப்படும் உச்சிக்குக் கொண்டு சேர்க்கும். உச்சியின் உயரம் சுமார் 1,970 மீற்றர். விடியற்காலையிலே சென்றடைந்தால், தெற்கே தாழ்நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பதைக் காணலாம். காலை ஒன்பது பத்து மணிக்குள் பெரும்பாலும் முகில் வந்து மூடிவிடும். ஆதலின் இருள் பிரியுமுன்னரே புறப்படுதல் நன்று.

ஏற்றத்துக்குரிய விதிகள் சிலவே. மேடு தொடங்குமுன்னரே இலகுவான கியருக்கு மாற்றுக; பாரம் ஏறிய பின் மாற்றினாற் சங்கிலி நழுவும், சில வேளை அறும். ஆசனத்தில் எழும்பி நின்று மிதித்தால், சரளைக் கல்லிற் பின்சக்கரம் பிடியின்றிச் சுழலும். ஆசனத்தின் முன்னோரத்தில் அமர்ந்து, உடலைச் சற்று முன்சாய்த்து, ஒரே சீராக மிதித்தலே நன்று. பக்கத்தில் வருபவரோடு பேசக்கூடிய அளவுக்கு மூச்சு இருக்குமாயின் வேகம் சரியென்று கொள்ளலாம். தண்ணீரோடு ஒரு பனங்கட்டித் துண்டும் சட்டைப்பையில் இருந்தாற் போதும்; மலை மெல்ல மெல்லக் கீழே போய்விடும்.

சூட்டின் கணக்கு

இனி இறக்கத்துக்கு வருவோம். பௌதிகம் கற்கும் மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். ஓட்டுபவரும் வண்டியுமாக 85 கிலோகிராம் எனக் கொள்வோம். உச்சியிலிருந்து 500 மீற்றர் கீழே இறங்கும்போது விடுபடும் சக்தி ஏறக்குறைய 4 இலட்சத்து 17 ஆயிரம் யூல். இது ஒன்றேகால் லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் ஒரு பங்கைக் காற்றின் தடை ஏற்றுக்கொள்ளும். மெதுவாக இறங்கும்போது காற்றின் பங்கு குறைவு. எஞ்சியதிற் பெரும்பகுதியைப் பிறேக்கே சூடாக ஏற்க வேண்டும்.

எங்களோடு வந்த இளைஞரொருவர் அச்சத்தினால் உச்சியிலிருந்தே இரண்டு பிறேக்குகளையும் விடாமல் இலேசாகப் பிடித்தபடியே இறங்கினார். மெதுவாகச் செல்வது பாதுகாப்பானது என்பது அவர் எண்ணம். அவருடையது எண்ணெயினால் இயங்கும் தட்டுப் பிறேக். பாதிவழியில், ஒரு வளைவை நெருங்கும்போது, பிடி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. சூட்டினால் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகிவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு ஏற்படாது. வளைவுக்கு அப்பாலிருந்து கொழுந்துச் சாக்குகளைச் சுமந்தபடி பெண்கள் மூவர் வந்துகொண்டிருந்தனர். அவர் வண்டியைத் தேயிலைப் பற்றைக்குள் திருப்பி விழுந்தார். முழங்கையிற் காயம், வேறொன்றுமில்லை. அந்தப் பெண்களுள் மூத்தவர் சாக்கை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து, "தம்பி, எழும்பு ராசா, அடி பலமா?" என்று அவரைத் தூக்கிவிட்டார். சற்றுமுன் ஆபத்துக்குள்ளாக இருந்தவர் தாமே என்பதை அந்த அம்மையார் நினைத்ததாகவே தெரியவில்லை.

கைக்கொள்ள வேண்டியவை

பிறேக்கைத் தொடர்ந்து இழுத்துப் பிடித்தலாகாது. நேரான பகுதியில் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின் முற்றாக விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்திற் காற்று அதனைக் குளிர்விக்கும். நீண்ட இறக்கமாயின் இடையிடையே நின்று ஆறவிடுக. நின்றவுடன் தட்டைக் கையால் தொடுதல் கூடாது, தோல் பொசுங்கும்.

வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னரே, வளைவினுள்ளே அன்று. முன்பிறேக்குக்கே வலிமை அதிகம். ஆயினும் முன்சக்கரம் திரும்பியிருக்கும்போதோ, மணலிலும் ஈர இலைகளிலும் செல்லும்போதோ அதனைத் திடீரெனப் பிடித்தால் வண்டி வழுக்கும். இரண்டையும் ஒருங்கே, படிப்படியாக அழுத்துக. எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்குரியது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடலாம். இரவல் வண்டியாயின் புறப்படுமுன் இதனைச் சோதித்தறிதல் இன்றியமையாதது.

இறங்கும்போது ஆசனத்தைத் தாழ்த்திக்கொள்க. இரு மிதிகளும் சமமட்டத்தில் நிற்க, ஆசனத்தை விட்டுச் சற்றே எழும்பி, முழங்கைகளையும் முழங்கால்களையும் மடக்கி வைத்தால், பாதையின் அதிர்ச்சியை உடல் தாங்கிக்கொள்ளும். கண் எங்கே செல்லுமோ வண்டியும் அங்கேயே செல்லும். குழியைப் பார்த்துக்கொண்டு போனவர் குழியிலேயே விழுவர். குழிக்கு அருகிலுள்ள நல்ல வழியைப் பார்க்க வேண்டும்.

ரயரிற் காற்றைக் கல்லுப்போல் இறுக்கி அடைத்தால் வண்டி துள்ளும், பிடிப்பு இராது. மிகக் குறைத்தாலோ, கல்லில் மோதும்போது ரியூப் விளிம்போடு நசுங்கி, பாம்பு தீண்டியது போல் இரண்டு துளைகள் விழும். நடுத்தர உடலுள்ளவருக்கு, இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள ரயரில், சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் வரை பொருத்தமாயிருப்பதைக் கண்டுள்ளேன். மேலதிக ரியூப் ஒன்று, பம்பு, ஒட்டுப்போடும் பொருட்கள், சங்கிலி இணைக்கும் கருவி, காயத்துக்கு மருந்து ஆகியவை பையில் இருத்தல் வேண்டும். தலைக்கவசமின்றிப் புறப்படுதல் ஒருபோதும் தகாது.

பாதை யாருடையது?

தோட்டத்துப் பாதை நமது விளையாட்டுக்காக வெட்டப்பட்டதன்று. கொழுந்து பறிப்போரும், லயங்களிலிருந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் நாள்தோறும் நடக்கும் வழி அது. ஆதலின் வளைவுதோறும் மணியடிக்க வேண்டும். மக்களைக் கண்டால் நடைவேகத்துக்குக் குறைக்க வேண்டும். சுமையோடு வருபவருக்கு நாமே ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். கிளைப்பாதைகளிற் செல்லத் தோட்டத்தாரிடம் அனுமதி கேட்பது முறை. "அக்கா, இந்த வழி போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், வழியோடு, எங்கே பாறை வழுக்கும், எங்கே நாய் துரத்தும் என்பனவும் தெரியவரும். எந்த வரைபடமும் அவ்வளவு சொல்லாது.

புதியவர்கள் முதலில் ஊர் மைதானத்திலே, குறித்த கோடொன்றில் வண்டியை நிறுத்தப் பழகுக. பின்பு சிறு சரிவொன்றில், காய்ந்த தரையிலும் நனைந்த தரையிலும், நிறுத்துவதற்கு எவ்வளவு தூரம் வேண்டியிருக்கிறதென அளந்து பார்க்க. பிள்ளைகள் மலைக்குச் செல்ல விடைகேட்கும்போது, "எவ்வளவு வேகமாக ஓட்டுவாய்?" என்று பெற்றோர் கேட்க வேண்டியதில்லை. "எவ்வளவு தூரத்தில் நிறுத்துவாய்?" என்று கேட்கட்டும். அதற்கு அளந்தறிந்து விடை சொல்லக்கூடிய பிள்ளையைத் துணையோடு மலைக்கு அனுப்பலாம்.