கணிப்பொறியில் தோன்றா எழுவாய்

சென்னையில் வடபழனி என்றவுடன் சிலருக்கு முருகன் கோயில் நினைவிற்கு வரும். சிலருக்குத் திரைப்படக் கூடங்கள் நினைவிற்கு வரும். காரைக்குடியில் இயங்கிவந்த ஏ.வி.எம். நிறுவனம் 1948-இல் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. அதை நிறுவிய ஏ. வி. மெய்யப்பன் அதற்கு முன்பே, 1938-இல், ‘நந்தகுமார்’ என்னும் படத்தை எடுத்திருந்தார். தமிழில் பின்னணிக் குரலைப் பயன்படுத்திய முதற்படமாகக் குறிக்கப்படுவது அதுவே. ஒருவர் பாட, வேறொருவர் வாயசைக்கும் வழக்கம் நம் திரையுலகில் அப்படித்தான் வேரூன்றியது.

இந்த வழக்கத்தில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பாட்டில் ‘நான்’ என்னும் சொல் வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சொல்லை ஒலிப்பதிவு அறையில் பாடியவர் ஒருவர். ஆனால், திரையரங்கில் இருக்கும் நாம் அந்த ‘நான்’ என்பதற்குப் பாடியவரைப் பொருளாகக் கொள்வதில்லை. திரையில் வாயசைப்பவரையே கொள்கிறோம். நாளை அதே ஒலிப்பதிவுக்கு மற்றொருவர் வாயசைத்தால், ‘நான்’ என்பவர் அந்த மற்றொருவர் ஆகிவிடுவார். சொல் மாறவில்லை, குரலும் மாறவில்லை, சொல்லுக்கு உரியவர் மட்டும் மாறிவிட்டார்.

திரைப்படத்தில் இது கலை. கணிப்பொறி நிரலில், நாம் அறியாமல் இது நிகழுமானால், பெரும் பிழை. வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர் ஏறத்தாழ அனைவரும் இப்பிழையில் ஒருமுறையேனும் சிக்கியே மீள்கிறார்கள். ஆதலின், அதன் தன்மையையும், அதிலிருந்து தப்பும் வழிகளையும் இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. தைப்பூச நாளன்று வடபழனியில் ஓர் அன்பர் குழு முந்நூறு பேருக்கு உணவளிக்க எண்ணுகிறது என்று கற்பனை செய்துகொள்வோம். கூட்டம் மிகுதியாக இருக்கும். ஆதலால் சீட்டு வழங்கி, சீட்டு உள்ளவருக்கே இலை போடுவதென முடிவு. கல்லூரி மாணவர் ஒருவர் இதற்காக ஒரு வலைப்பக்கம் அமைக்கிறார். அதில் ஒரு பொத்தான் உண்டு. அதை ஒருமுறை அழுத்தினால் ஒரு சீட்டு வழங்கப்பட்டதாகக் கணக்கு. மீதம் எத்தனை என்பது திரையில் தெரியும். மீதம் 0 ஆனவுடன் பொத்தான் பூட்டிக்கொள்ள வேண்டும்.

மாணவர் தம் நிரலில் ‘பந்தி’ என்னும் ஒரு பொருளை உண்டாக்குகிறார். நிரலில் பொருள் என்பது சில செய்திகளையும், அவற்றின்மேல் செய்யத்தக்க சில செயல்களையும் ஒன்றாகக் கட்டிவைத்த தொகுதி. பந்தியிடம் ‘மீதம்’ என்னும் செய்தி இருக்கிறது. அதன் மதிப்பு 300. ‘கொடு’ என்னும் செயலும் இருக்கிறது. இப்பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத ஜாவாஸ்கிரிப்ட் இடம் தருகிறது. ‘கொடு’ என்னும் செயல் செய்வது இதுதான்: ‘என் மீதத்தில் ஒன்றைக் கழி, என் மீதம் 0 ஆனால் பொத்தானைப் பூட்டு.’ இதில் வரும் ‘என்’ என்பதற்கு அம்மொழியில் உள்ள சொல் ‘திஸ்’ என்பது. நம் பேச்சு முழுவதும் இந்த ஒரு சொல்லைப் பற்றியதே.

மாணவர் தம் நிரலைச் சோதிக்கிறார். ‘பந்தி’ என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, ‘கொடு’ என்று எழுதி அழைக்கிறார். மீதம் 299 ஆகிறது. மீண்டும் அழைக்கிறார், 298 ஆகிறது. மகிழ்ச்சியோடு அடுத்த படிக்குச் செல்கிறார்.

அடுத்த படி யாது? பொத்தானை மக்கள் எப்போது அழுத்துவார்கள் என்பது நிரலுக்குத் தெரியாது. ஆதலால், ‘பொத்தான் அழுத்தப்படும்போது இச்செயலை நீயே அழை’ என்று உலாவியிடம் ஒரு செயலை ஒப்படைத்துவிட வேண்டும். வண்டியைப் பழுதுபார்க்க விட்டுவிட்டு, ‘வேலை முடிந்ததும் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோமே, அதைப் போன்றது இது. இதனைக் ‘கால்பேக்’ என்பார்கள். நாம் ‘ஒப்படைத்த செயல்’ என்று சொல்லலாம். மாணவர், பந்தியின் ‘கொடு’ என்னும் செயலை எடுத்து, ‘ஆட் ஈவண்ட் லிசனர்’ என்னும் வாயிலாக உலாவியிடம் ஒப்படைக்கிறார்.

விழா நாள் வருகிறது. பொத்தானை அழுத்துகிறார்கள். திரையில் மீதம் 300. மீண்டும் அழுத்துகிறார்கள், மீதம் 300. முந்நூறு முறை அழுத்தியபின்னும் மீதம் 300 என்றே நிற்கிறது. பொத்தான் பூட்டிக்கொள்ளவும் இல்லை. உலாவி எந்தப் பிழையையும் அறிவிக்கவில்லை. சீட்டுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. சோறு மட்டும் முந்நூறு பேருக்கே இருக்கிறது. வெயிலில் வரிசையில் நின்று, சீட்டையும் கையில் பெற்று, இறுதியில் வெறும் இலைமுன் அமர்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நிரலில் ஒரு சொல்லுக்குப் பொருள் மாறியதன் விளைவு அது.

நடந்தது என்ன? தமிழ் இலக்கணம் படித்த உங்களுக்கு இது விளங்குவது எளிது. ‘வந்தேன்’ என்னும் சொல்லில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ஆயினும் வினையின் விகுதியே ‘நான்’ என்று காட்டிவிடுகிறது. ‘கொடு’ என்னும் ஏவல் வினையிலும் எழுவாய் தோன்றவில்லை. அங்கே மறைந்து நிற்பது ‘நீ’ என்பது. அந்த ‘நீ’ யார்? அச்சொல்லை எவரை நோக்கிச் சொல்கிறோமோ, அவர். ‘கொடு’ என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், அத்தாளில் எவர் பெயரும் இல்லை. அதை எவரிடம் படித்துக் காட்டுகிறோமோ, அவரே ‘நீ’ ஆகிறார்.

ஜாவாஸ்கிரிப்டில் செயல்களின் நிலையும் இதுவே. செயல் எந்தப் பொருளுக்குள் எழுதப்பட்டது என்பது அச்செயலின்மேல் பொறிக்கப்படுவதில்லை. அதை அழைக்கும் கணத்தில்தான் ‘திஸ்’ என்பதற்குப் பொருள் பிறக்கிறது. ‘பந்தி’, புள்ளி, ‘கொடு’ என்று அழைத்தபோது, புள்ளிக்கு முன்னே பந்தி நின்றது. ஆகவே ‘திஸ்’ என்பது பந்தி ஆயிற்று. செயலை மட்டும் பிரித்து உலாவியிடம் ஒப்படைத்தபோது, புள்ளியும் பந்தியும் பின்தங்கிவிட்டன. தனிச்செயல் மட்டுமே பயணம் சென்றது. உலாவியோ, பொத்தான் அழுத்தப்பட்டபோது, தன் விதிப்படி அப்பொத்தானையே ‘திஸ்’ ஆக வைத்து அச்செயலை அழைத்தது.

இப்போது பொத்தான் தன்னிடம் ‘மீதம்’ இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லை. இல்லாத ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது ‘எண் அல்லாதது’ என்னும் ஒரு விசித்திர மதிப்பு. அதனைப் பொத்தான் தன்மேலேயே ‘மீதம்’ என்னும் பெயரில் எழுதிக்கொள்கிறது. ‘எண் அல்லாதது’ ஒருநாளும் 0 ஆகாது. ஆகவே பூட்டும் கட்டளை ஒருநாளும் நிறைவேறாது. பந்தியின் 300 எவராலும் தொடப்படாமல் அப்படியே இருக்கிறது. திரையில் காட்டும் பகுதி பந்தியைப் பார்த்தே காட்டுவதால், அங்கும் 300 என்பதே நிற்கிறது. ஒவ்வொரு பகுதியும் தனக்கு இட்ட விதிப்படியே நடந்தது. கூட்டாகப் பொய்க்கணக்கு வந்தது.

ஒப்படைக்கும் இடத்திற்கேற்ப இந்த ‘திஸ்’ மாறும் என்பதையும் நினைவிற் கொள்க. குறித்த நேரம் கழித்து அழைக்குமாறு ‘செட் டைம்அவுட்’ இடம் ஒப்படைத்தால், உலாவியின் சாளரமே ‘திஸ்’ ஆகிறது. பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் அழைக்குமாறு ‘ஃபார் ஈச்’ இடம் ஒப்படைத்தால், கண்டிப்பு முறையில் எழுதிய நிரலில் ‘திஸ்’ என்பதற்குப் பொருளே இராது. உடனே பிழை அறிவிக்கப்பட்டு நிரல் நின்றுவிடும். நின்றுவிடும் பிழை ஒருவகையில் நன்மை செய்வது; நம்மைத் தட்டி எழுப்பிவிடுகிறது. நம் பந்தியில் நேர்ந்தது போன்ற ஓசையற்ற பிழையே அஞ்சத்தக்கது.

‘இம்மொழியை ஏன் இப்படி அமைத்தார்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் இம்மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். செயலையும் ஓர் எண்ணைப் போலக் கையில் எடுத்துக் கொடுக்கலாம் என்னும் கருத்தை ஸ்கீம் என்னும் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார். பொருள்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று செயல்களைப் பெறலாம் என்னும் கருத்தை செல்ஃப் என்னும் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார். இரண்டும் நல்ல கருத்துகளே. அவை சேரும் தையலில்தான் நம் மாணவரின் கால் இடறியது.

இவ்வமைப்பினால் பயனும் உண்டு. ‘கொடு’ என்னும் செயலை ஒரே ஒருமுறை எழுதி வைத்தால், ஆயிரம் பந்திகள் அதனைப் பயன்படுத்தலாம். எந்தப் பந்தி அழைக்கிறதோ, அதன் மீதம் குறையும். செயலின்மேல் ஒரே பெயரைப் பொறித்துவிட்டால் இது இயலாது. பைத்தான் மொழி வேறொரு வழியை மேற்கொண்டது. அதில் பொருளிலிருந்து செயலைப் பிரித்தெடுக்கும்போதே, அப்பொருளும் அதனோடு கட்டுண்டு வந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அக்கட்டை நாமே போட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ‘பைண்ட்’ என்பது. கட்டுதல் என்று பொருள். 2009-இல் வெளியான ஐந்தாம் பதிப்புத் தரத்தில் இது மொழியிற் சேர்ந்தது. ‘கொடு’ என்பதோடு பந்தியைக் கட்டித் தருமாறு கேட்டால், பந்தியை விட்டு நீங்காத ஒரு புதிய செயல் கிடைக்கும். விகுதியில்லாத வினைக்கு விகுதி சேர்த்தது போன்றது இது. ஆனால் ஓர் எச்சரிக்கை: கட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய செயல் பிறக்கிறது. பின்னர் அச்செயலைப் பொத்தானிலிருந்து நீக்க விரும்பினால், முன்பு ஒப்படைத்த அதே செயலைக் காட்ட வேண்டும். மறுபடியும் கட்டிக் காட்டினால், உலாவி அதை வேறொன்றாகவே கருதும், பழையது நீங்காது. ஆதலின், கட்டியதை ஒரு பெயரில் எடுத்து வைத்துக்கொள்வது நன்று.

இரண்டாவது வழி, 2015-இல் வந்த அம்புச் செயல். ‘பந்தி, புள்ளி, கொடு’ என்னும் முழு அழைப்பையும் ஒரு சிறு அம்புச் செயலுக்குள் எழுதி, அதனை உலாவியிடம் ஒப்படைக்கலாம். அப்போது செயலைப் பிரித்தெடுப்பதே இல்லை. புள்ளிக்கு முன்னே பந்தி எப்போதும் நிற்கிறது. அம்புச் செயலுக்குத் தனக்கென ஒரு ‘திஸ்’ கிடையாது. தான் எழுதப்பட்ட சூழலின் ‘திஸ்’ எதுவோ, அதையே கொள்ளும். இதனை அரைகுறையாக அறிந்த சிலர், பந்திக்குள் இருக்கும் ‘கொடு’ என்பதையே அம்புச் செயலாக எழுதிவிடுகிறார்கள். அது தவறு. பந்தியின் அடைப்புக்குறிகள் புதிய சூழலை உண்டாக்குவதில்லை. ஆகவே அதன் ‘திஸ்’ பந்தியைக் குறிக்காது, வெளியே உள்ளதையே குறிக்கும்.

மூன்றாவது வழி பலர் அறியாதது. செயலை ஒப்படைக்காமல், பொருளையே ஒப்படைத்துவிடலாம். பந்திக்குள் ‘ஹேண்டில் ஈவண்ட்’ என்னும் பெயரில் ஒரு செயல் இருந்தால் போதும். பொத்தான் அழுத்தப்படும்போது, உலாவி பந்தியைத் தேடி, அப்பெயருடைய செயலை அழைக்கும். ‘திஸ்’ பந்தியாகவே இருக்கும். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான நிகழ்ச்சித் தரத்திலேயே இதற்கு இடம் உண்டு. நீக்கும்போதும் அதே பந்தியைக் காட்டினால் போதும். புதிய செயல் பிறக்கும் தொல்லை இல்லை. ஆனால், பொத்தானுக்கும் அதைப் போன்ற நிகழ்ச்சிகளுக்கும் மட்டுமே இது பயன்படும். ‘செட் டைம்அவுட்’ போன்றவற்றிற்குப் பயன்படாது.

மாணவ நண்பர்களே, இவற்றைக் கேட்டு மறந்துவிடாதீர்கள். இன்று மாலை ஒரு வெற்று வலைப்பக்கத்தைத் திறந்து, ஒரு பொத்தானையும், ஒரு பந்தியையும் உண்டாக்குங்கள். ‘கொடு’ என்னும் செயலின் முதல் வரியில், ‘திஸ்’ எதுவோ அதை அச்சிடுமாறு எழுதுங்கள். முதலில் நேராக அழையுங்கள். பிறகு பொத்தானிடம் ஒப்படைத்துப் பாருங்கள். பிறகு மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். கண்ணால் கண்டது மனத்தில் நிற்கும்.

நம் மாணவர் செய்த சோதனையிலும் ஒரு பாடம் உண்டு. அவர் தம் செயலைத் தாமே அழைத்துப் பார்த்தார். மக்கள் அழுத்தும் பொத்தானின் வழியாக அழைத்துப் பார்க்கவில்லை. நாம் எழுதியதை நாமே இயக்கும்போது அது சரியாகவே நடக்கும். பிறர் கையில் சென்ற பின்னரும் அது அப்படியே நடக்கிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை.

எனவே, ஒரு செயலைப் பிறரிடம் ஒப்படைக்கும்போதெல்லாம் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இதை அழைக்கப்போவது யார்? அப்போது புள்ளிக்கு முன்னே நிற்பது எது?’ அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த மாணவரின் பக்கத்தில், முந்நூறாவது சீட்டோடு பொத்தான் பூட்டிக்கொள்ளும். சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் இலையில் சோறு இருக்கும்.